அத்தான் உரம் போட்ட வாரம்

என் அத்தானுக்குக் காலில் சக்கரம். ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தார்: கூடம், சமையலறை, கொல்லை, மறுபடியும் கூடம். பார்க்கிற நமக்குத் தலை சுற்றும்.

மகளின் பிரசவத்துக்கு அக்கா மட்டும்தான் போனாள். "அப்பா இருந்தா எனக்குப் படபடப்பா வரும். குழந்தை பொறந்ததும் வரட்டும்" என்று மகளே சொல்லிவிட்டாள். அத்தான் முகம் சுருங்கிப் போனது. அவரைக் கட்டிப்போட அக்கா, கொல்லையில் நட்டிருந்த தக்காளிச் செடிகளைக் காட்டினாள்.

"வேர் பிடிச்சிருச்சு. குருணை உரம் ஒரே ஒரு தடவை போடுங்க. தண்டுல படாம ஒரு சாண் தள்ளி, சுத்திவர. மண்ணால மூடித் தண்ணி விட்டுட்டு, அப்புறம் கை வைக்காதீங்க. இதை ஒழுங்கா பாத்துக்கிட்டாத்தான் பேரப்பிள்ளையை உங்க கையில குடுப்பேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

முதல் நாள் சொன்னபடியே போட்டார். மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால் செடி அப்படியே நிற்கிறது. மனுஷனுக்குப் பொறுக்குமா? இன்னொரு பிடி எடுத்துத் தண்டை ஒட்டியே போட்டார். சாயங்காலம் மறுபடியும். சில நாளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டது.

நாற்றுப் பண்ணையில் வேலை பார்க்கிற எனக்கு உடனே போன். "செடிக்கு விருந்தா வச்சீங்க?" என்று கத்திக்கொண்டேதான் போனேன். அவரோ மண்ணில் மண்டியிட்டுக் குருணைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"பொழைக்குமா மச்சான்?"

"மேல் மண்ணை வழிச்செடுத்துட்டு நிறையத் தண்ணி விடுங்க, உரம் கீழ இறங்கட்டும். அப்புறம் சும்மா இருக்கணும் அத்தான்."

"அதுதானே எனக்கு வரமாட்டேங்குது!"

தண்ணீர் விட்டோம். அதன் பிறகு அவருக்கு இருப்பும் கொள்ளவில்லை, உறக்கமும் இல்லை. கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். அரை மணியில் திருப்பிக் கேட்டார். நான் தரவில்லை. மூன்று செடிகள் கருகின, மற்றவை தளிர்விட்டன.

தளிர் தெரிந்த அன்று காலையே அக்கா போனில் கூப்பிட்டாள். பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம்.

"மூணு செடி போச்சு" என்றார் அத்தான். "நான்தான் கொன்னுட்டேன்."

"அட, செடி கிடக்குது. கிளம்பி வாங்க!"

கார் வரை ஓடினார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்று, தன் கைகளைப் பார்த்தார்.

"நீ ஓட்டு மச்சான். அங்க போனதும், நான் கேட்டாலும் உடனே பிள்ளையை என் கையில குடுக்க வேணாம்னு உங்க அக்காகிட்ட சொல்லு."