பொயிலருக்குக் கீழே ஒரு வாளி

லண்டன் சட்டனில் எங்களுக்கு அது முதல் குளிர்காலம். காலையில் வீட்டைச் சூடாக்கும் பொயிலரின் பிரஷரை ஏற்றிவிட்டால் மாலைக்குள் முள் சிவப்புக்கு இறங்கிவிடும். அறைகளிலுள்ள ரேடியேட்டர்கள் சில்லிட்டுப் போகும். கைக்குழந்தை இருக்கிற வீடு. எங்கே ஒழுகுகிறதென்று கார்ப்பெட் முழுக்கத் தடவினேன், ஈரமே இல்லை. பயத்தில் கணவர் மேல் எரிந்து விழுந்தேன்.

"வெளிச்சுவரிலை ஒரு குழாய் சொட்டுது, அதுவோ பிள்ளை?" என்றா, எங்களோடு வந்து நின்ற மாமி.

ஓடினேன். பிரஷர் கூடினால் பொயிலர் தண்ணீரை வெளியே தள்ளுகிற குழாய். அதன் கீழே ஒரு வாளி.

"ஆர் மாமி வாளி வைச்சது?"

"நான்தான். வீணாப் போகுதெல்லோ."

துருப்பிடிக்காமலிருக்க, தோலுக்கு ஆகாத மருந்து கலந்த தண்ணீர் அது.

"அதை என்ன செய்யிறனீங்கள்?"

"மெஷினிலை கைப்பிள்ளையின்ரை சட்டை வடிவாய் வெளுக்காது. இதிலை ஊறப்போட்டுத்தான் தோய்க்கிறனான்."