தொட்டிக் கெண்டைகளுக்குப் போட்ட சோறு

ஐம்பதுகளில் போடியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கல்தொட்டி இருந்தது. கிணற்று நீரை இறைத்து அதில்தான் நிரப்பி வைப்போம். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கொட்டகுடி ஆற்றிலிருந்து ஏழெட்டுக் கெண்டைக் குஞ்சுகளைப் பிடித்துவந்து அதில் விட்டவன் என் அண்ணன். ஏலத்தோட்டத்தில் கங்காணி வேலை அவனுக்கு. "சோறு கீறு போட்டுறாத ஆத்தா. பசியோட கெடந்தாத்தான் புழுவைத் தேடித் திங்கும்" என்று சொல்லிவிட்டு மலையேறினான்.

நான் கேட்டால்தானே! கைப்பிள்ளையாக இருந்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தொட்டியருகே போய் நிற்பேன். ஒரு பருக்கை விழுந்தால் போதும், அந்தச் சின்ன வாய்கள் மேலே வந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். மெல்வதற்கு வாயில் பல் கிடையாது. மகள் கைகொட்டிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே தினமும் ஒரு பிடி போட்டேன். மீன்களும் நன்றாகக் கொழுத்தன.

அந்த மழைக்காலத்தில் அண்ணன் குளிர்காய்ச்சலோடு மலையிறங்கி வந்து எங்கள் வீட்டில் படுத்திருந்தான். அவன் எழுந்து நடமாடத் தொடங்கிய சமயத்தில் என் மகளுக்குக் குளிர் கண்டது. கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்தியும் பிள்ளைக்குத் தூக்கித் தூக்கிப் போட்டது. பிழைப்பாளோ மாட்டாளோ என்ற பயத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "மலைக்காய்ச்சல எம்பிள்ளைக்குக் கொண்டாந்து குடுத்துட்டியேண்ணே" என்றேன். அவன் அன்றே துணிமூட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

கொய்னா மாத்திரையில் பிள்ளை தேறினாள். அப்புறம் ஒருநாள் காலையில் தண்ணீர் மொள்ளக் குனிந்தேன். என் நிழல் பட்டதுமே கெண்டைகள் சோற்றுக்கு வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிட்டன. பாசியோரம் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. ஒரு மீன்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. எனக்குச் சுரீர் என்றது. காய்ச்சல் அவன் உடம்போடு வந்திருக்கலாம். அதை என் பிள்ளைக்குக் கொண்டுசேர்த்த கொசுவை வளர்த்தவள் நான்தானே! அடி பாவி மகளே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பொங்கலுக்கு அண்ணன் வந்தான். ஏலக்காய் மணக்கும் சட்டையோடு வாசலிலேயே நின்றுவிட்டான். "மாமா" என்று பிள்ளை தாவினாள். அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். தொட்டியைப் பற்றி ஒன்று விடாமல் சொல்லி அழுதேன். தப்பு என்னுடையது, பிள்ளையைத் தூக்கு என்று கெஞ்சினேன்.

"இருக்கட்டும் ஆத்தா" என்றான். "பிள்ளைய உள்ள கொண்டு போ."