முட்டை எடுத்துக்கட்டுமா?

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும் எனக்கு உறுத்தும். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இருட்டில் நடந்ததல்ல இது. பட்டப்பகலில், வெயில் கூடத்துத் தரையில் விழுந்து கிடந்தபோது நடந்தது.

எங்கள் ஊர் மிகப் பழைய ஊர். சந்துக்குள் லாரி நுழையாது. ஒரு வீட்டின் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர். வீட்டின் முன்பக்கத்தில் ஒரு செங்கல்லைக்கூட மாற்றக் கூடாது என்பது நகராட்சியின் உத்தரவு. கட்ட வேண்டுமானால் பின்பக்கம்தான் கட்ட வேண்டும். அதற்கும் உள்ளூர் மேஸ்திரியைத்தான் பிடிக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் சந்தைப் பார்த்ததுமே திரும்பிப் போய்விடுவார்கள்.

வீட்டில் நானும் அக்காவும் மட்டும். அவளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, மாடி ஏற முடியவில்லை. பின்சுவரைத் திறந்து அவளுக்குக் கீழேயே ஒரு அறை கட்ட ஏற்பாடு செய்தோம். மேஸ்திரி எதற்கும் "நாளைக்கு முடிச்சிடலாம்" என்பார். அக்கா அவருக்கு நாளைக்காரர் என்று பெயர் வைத்துவிட்டாள்.

"ஏன் மேஸ்திரி, இந்த ரூம்ல நான் இருக்கப் போறேனா, இல்ல என் போட்டோ இருக்கப் போகுதா?"

"நாளைக்குப் பாருங்கம்மா, எப்படி முடிச்சிடறேன்னு."

"எதை, என்னையா?"

அவர் சிரிப்பார். அவளும் சிரிப்பாள்.

சுவரைத் திறந்த இடத்துக்கு மேலே பழைய மர உத்தரம் ஒன்று ஓடியது. அது இறங்கிவிடாமல் கீழே நான்கு முட்டுக் கொடுத்திருந்தார். தரையிலிருந்து உத்தரம் வரை நான்கு இரும்புக் கம்பங்கள்.

அன்று காலை நான் வேலைக்குக் கிளம்பி, கூடத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா அப்போதுதான் ஒரு தட்டு முட்டை வாங்கிப் பின்படியில் வைத்திருந்தாள். பின்னாலிருந்து மேஸ்திரியின் குரல் கேட்டது.

"அம்மா, முட்டை எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க. உங்க வீட்டுக்காரம்மாவுக்கும் சேத்து ரெண்டு எடுத்துக்கோங்க."

அவர் சிரித்தது எனக்குக் கேட்டது. கொஞ்சம் நீளமான சிரிப்பு.

முட்டு என்ற சொல்லோடு ஐ சேர்ந்தால் முட்டை. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் கேட்டது கம்பங்களை. வேறொரு வீட்டில் அன்று கான்கிரீட் போட அவருக்குக் கம்பங்கள் தேவைப்பட்டன. நான்கையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மதியம் தன் அறையைப் பார்க்கப் போன அக்காவின் மேல், உத்தரத்துக்கு மேலிருந்த சுவர் சரிந்தது.

"அவங்களே எடுத்துக்கச் சொன்னாங்க சார்" என்று மேஸ்திரி எல்லோரிடமும் சொன்னார். விசாரணை அதோடு முடிந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் அதைச் சந்து முழுவதும் தைத்துக் கொடுத்தார். "என்ன அவசரமோ பாவம். முட்டு இடைஞ்சலா இருக்குன்னு அந்தம்மாவே எடுக்கச் சொல்லிடுச்சாம்." அன்று என் காதில் விழுந்ததைச் சொன்னேன். அக்காவைக் காப்பாற்றப் பேசுகிறேன் என்றார்கள். செத்தவள் தலையிலேயே பழியும் விழுந்தது. எனக்கு நஷ்ட ஈடு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவள் முட்டையைத்தான் சொன்னாள் என்று அந்த ஆள் தன் வாயால் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

இடிபாட்டை அள்ளினார்கள். உத்தரம் மட்டும் மேலேயே நின்றது. குழாய் பின்பக்கம் இருந்ததால் தினமும் அதற்குக் கீழேதான் போய் வந்தேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு காலை. உத்தரத்துக்குக் கீழே, தரையில் ஒரு முட்டை.

படுத்திருக்கவில்லை... நின்றுகொண்டிருந்தது.

அக்கா போனபின் நான் வீட்டில் முட்டை வாங்கியதே இல்லை. பூனை எதையாவது உருட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று எடுக்கக் குனிந்தேன். வரவில்லை. தரையோடு அறைந்ததுபோல் இருந்தது. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் மூன்று.

நான்காவது வந்தபோதுதான் புரிந்தது. தரையில் கம்பங்கள் நின்ற வட்டத் தழும்புகள் இருந்தன. ஒவ்வொரு தழும்பின் நடுவிலும் ஒரு முட்டை.

அன்று மதியம் மூன்றே கால் மணிக்கு வாசலில் மேஸ்திரி நின்றார். அவரைப் பார்த்ததும் தையல்காரரும் கழுத்தில் டேப்போடு வந்துவிட்டார், வேடிக்கை பார்க்க.

"வரச் சொன்னீங்களாமே சார்?"

"நான் சொல்லலையே."

"உங்க வீட்டு லேடீஸ்தான் போன் பண்ணாங்க. மிச்சம் இருக்கறதையும் வந்து எடுத்துக்கோங்கன்னு."

"என் வீட்டுல லேடீஸ் யாரும் இல்ல, மேஸ்திரி."

தையல்காரர் என்னைப் பார்த்தார். மேஸ்திரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி விடுங்க, வந்ததுக்கு ஒரு பார்வை பாத்துட்டுப் போறேன். நாளைக்கே ஆளை விட்டு முடிச்சிடலாம்" என்று உள்ளே நடந்தார்.

நான் தடுக்கவில்லை.

உத்தரத்துக்குக் கீழே போனவர் நின்றார்.

"என்ன சார் இது? விளையாட்டா?"

குனிந்து ஒரு முட்டையைப் பிடித்தார். இழுத்தார். வரவில்லை. வலது கையில் நரம்பு புடைத்தது. பிறகுதான் கவனித்தேன்... அவர் கையை எடுக்கப் பார்க்கிறார். கையும் வரவில்லை.

"சார்... கை..."

"அக்கா அன்னைக்கு எதை எடுத்துக்கச் சொன்னா? அதைச் சொல்லுங்க."

"அதான் சொன்னேனே சார், முட்டு..."

டக்.

மேலே எங்கோ மரம் முனகியது. மண் கொட்டியது.

அப்போது கேட்டது. பின்படிப் பக்கமிருந்து. உற்சாகமான குரல், விருந்தாளியை உபசரிக்கிறவள்போல.

"எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க..."

தையல்காரர் என் தோளைப் பிடித்தார். அவர் நகம் பதிந்த இடம் பல நாள் கன்றிக் கிடந்தது.

மேஸ்திரி மண்டியிட்டார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"அம்மா... தெரியும்மா. நீங்க கோழி முட்டையைத்தான் சொன்னீங்க. தெரிஞ்சேதான் எடுத்தேன். நேராக் கேட்டாத் தர மாட்டீங்கன்னுதான்... அப்படிக் கேட்டேன். விட்டுடுங்கம்மா..."

கை விடுபட்டது. எழுந்தார்.

எனக்கு மூச்சு வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

டப்.

ஒரு முட்டை தானாக உடைந்தது.

டப்.

அவர் ஓட நினைத்தார். கால் எழவில்லை.

டப்.

மேலே பார்த்தார். யாரையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அம்மா, நாளைக்கு..."

டப்.

புழுதி அடங்க வெகுநேரம் ஆனது. நான் அழவில்லை. அக்கா போனதிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் இறங்கியதுபோல் இருந்தது. அப்படி இருந்ததற்கு இன்றுவரை நான் வெட்கப்படவில்லை. அன்று மாலையே தையல்காரர் சந்தில் வீடு வீடாகப் போய் உண்மையைச் சொன்னார். நான் கேட்காமலே.

மறுநாள் நகராட்சிப் பொறியாளர் வந்தார். விழுந்து கிடந்த உத்தரத்தின் முனைகளைத் தடவினார். ஏணி போட்டு ஏறி, அது சுவரில் செருகியிருந்த குழிகளை இரண்டு பக்கமும் டார்ச் அடித்துப் பார்த்தார். இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"இதுக்குக் கீழ யாராவது நடமாடினாங்களா?"

"நான்தான் சார். தினமும்."

அவர் டார்ச்சை அணைத்தார்.

"இந்த ரெண்டு முனையும் நேத்து உடையல. உங்க அக்கா மேல சுவர் விழுந்த அன்னைக்கே உடைஞ்சிருக்கு. குழிக்குள்ள சிலந்தி வலை கட்டி, தூசி படிஞ்சு கிடக்கு, பாருங்க. உத்தரம் எந்தச் சுவரையும் தொடல சார். அடியில ஒரு கம்புகூட இல்ல."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஆறு பேர் சேந்தாலும் அசைக்க முடியாத மரம் இது. ஒரு மாசமா உங்க தலைக்கு மேல இதை யாரு சார் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க?"