அண்ணன் குதித்த கடலுக்கு ஒரு விடுமுறை

மஸ்கட்டில் இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்து பதினாலு மாதம் ஆகிறது. வெண்டைக்காயா காலிஃபிளவரா என்பதைத் தவிர இங்கே யாரும் என்னிடம் எது வேண்டும் என்று கேட்டதில்லை. அன்று மத்தியானம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மேடம் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டி இரண்டு படங்களை மாற்றி மாற்றிக் காட்டினார். ஒன்றில் மலை, மாதுளைத் தோட்டம். இன்னொன்றில் பச்சைக் கண்ணாடி மாதிரி கடல். அந்தக் கடலில் நாலைந்து பேர் முகம் கவிழ்ந்து, கையை விரித்து, அசையாமல் மிதந்தார்கள். நம்ம கரையில் ஒருவர் அப்படி மிதப்பதைப் பார்த்தால் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவருவார்கள். இங்கே அதற்கு ஸ்நார்க்கலிங் என்று பெயர். கண்ணாடி மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கவ்விக்கொண்டு, மீன் பார்ப்பதற்காக அப்படியே கிடப்பார்களாம். அதற்காக லீவு போட்டு, கப்பல் ஏறிப் போவார்களாம்.

மேடமுக்கும் சாருக்கும் இதில் இரண்டு நாளாகச் சண்டை. கடல் படம் முசந்தம் என்ற ஊர். ஓமானின் தலைமாட்டில், ஹோர்முஸ் ஜலசந்தி ஓரத்தில் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் கப்பலைப் பிடித்தார்கள், சுட்டார்கள் என்று செய்தி வந்துகொண்டே இருப்பதால் வேண்டாம் என்றார் சார். செய்தியில் காட்டுவது வேறு இடம், ஓட்டலில் கேட்டாயிற்று, பயந்து பயந்து எங்கேயும் போகாமல் இருக்க முடியாது என்றார் மேடம். கடைசியில் விளையாட்டுபோல என்னைக் கேட்டார்கள். "நீ கடற்கரைப் பெண்தானே, நீயே சொல்லு" என்று இந்தியில் கேட்டார் மேடம். அவர்களுடைய ஆறு வயது மகள் ரியா என் உடுப்பைப் பிடித்து இழுத்தபடி நின்றாள்.

நான் கடல் என்று சொன்னேன்.

இதைப் படிக்கிற யாரும் என்னை நல்லவள் என்று நினைத்துவிட வேண்டாம். சொல்வதற்கு முன்னால் ரியாவின் தலையைப் பார்த்தேன். இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று யோசித்தேன். யோசித்த பிறகும் கடல் என்றுதான் சொன்னேன். எனக்கு அந்தத் தண்ணீரைப் பார்க்க வேண்டியிருந்தது. ஏனென்றால் என் அண்ணன் ஜெனோ அந்தப் பக்கத்துத் தண்ணீரில்தான் காணாமல் போனான்.

எங்கள் ஊர் குமரிக் கடற்கரையில் இருக்கிற முட்டம். அப்பா நான் சின்னவளாக இருந்தபோதே இறந்துவிட்டார். அண்ணன் சிப்பி எடுக்க முங்குகிறவன். அலை அடிக்கிற பாறையின் அடிவாரத்தில் முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியைக் கொத்தி எடுத்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருவான். முங்குகிறவனுக்காகப் பாறைமேல் ஒருத்தர் நின்று அருள்நிறைந்த மரியே செபம் சொல்ல வேண்டும். பக்திக்குச் சொல்வது பாதி, கணக்குக்குச் சொல்வது பாதி. மூன்று செபம் முடிவதற்குள் தலை தெரிய வேண்டும். நாலு ஆனால் கூப்பாடு போட வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபிறகு அந்தச் சோலி எனக்கு வந்தது. அவன் தலை மறைந்ததும் பயத்தில் நான் வேகவேகமாகச் சொல்லிவிடுவேன். அவன் மேலே வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திட்டுவான்.

"ஏட்டி, நீ செபம் சொல்லுகியா, ரயிலு ஓட்டுகியா? நான் கீழ போறதுக்கு முன்ன ஆமென் சொல்லி முடிச்சிட்டியே."

எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் முங்குவதில்லை. ஆனால் கடல் அடங்கிக் கிடக்கும் மாதத்தில் அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். என்னால் இரண்டு செபம் முடியும். அவனுக்கு நாலும் முடியும். நாலுவரை கீழே இருந்து என்னைக் கதறவிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு வருவான்.

பிறகு அவன் வளைகுடாவில் ஒரு அரபியின் மீன்பிடி படகில் வேலைக்குப் போனான். கூட மூன்று பேர், எல்லாரும் நம்ம கரைக்காரர்கள். ஒருநாள் மீனைத் துரத்திக்கொண்டு ஒரு தீவின் பக்கம் போயிருக்கிறார்கள். அந்தத் தீவை இரண்டு நாடுகள் தங்களுடையது என்று சொல்கின்றனவாம். துப்பாக்கி வைத்த படகு ஒன்று வந்து மேலே பார்த்துச் சுட்டது. மூன்று பேர் கையைத் தூக்கினார்கள். அண்ணன் குதித்துவிட்டான். கையைத் தூக்கிய மூன்று பேரும் பல மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். அவன் குதித்தது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு தலை தெரியவில்லை என்றார்கள்.

அம்மா அவனுடைய போட்டோவை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு எத்தனை தடவை பஸ் ஏறினார் என்று தெரியாது. மனு எழுதி எழுதி அனுப்பினோம். ஒரு பக்கம் கேட்டால் அது எங்கள் தண்ணீர் இல்லை என்று பதில். மற்றப் பக்கமும் அதே பதில். தீவு எங்களுடையது என்று சண்டை போடுகிறவர்கள், என் அண்ணன் விழுந்த இடத்தை மட்டும் ஒருவருக்கொருவர் தள்ளிவிட்டார்கள். இறந்தான் என்று ஒரு தாளும் வரவில்லை. தாள் வராததே அம்மாவுக்குப் பிடியாகிவிட்டது. "அவன் முங்கில்லா போயிருப்பான். அந்தக் கரையில எங்கயாவது ஜெயில்ல கெடப்பான். வருவான்" என்றார். இறந்தவனுக்கான பூசை வைக்கலாம் என்று சொன்ன சித்தியோடு பேச்சை நிறுத்திவிட்டார். உயிரோடு இருக்கிறவனுக்கு நாற்பத்தொன்றாம் நாள் பூசையா என்று பங்குச்சாமியிடமே கேட்டார். நான் இங்கே வேலைக்கு வந்ததும் அந்தக் கடலுக்குப் பக்கத்து நாடு என்பதால்தான். அம்மாவிடம் சம்பளத்துக்காக என்று சொன்னேன்.

முசந்தத்துக்கு ஃபெரியில் போனோம். நான் கடலில் பிறந்தவள், ஆனால் வழியெல்லாம் பயம். தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள் வரிசையாக நின்றன. அவற்றில் எதைச் சுடுவார்கள், எதைப் பிடிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே போனேன். ரியாவின் கையைப் பிடித்த பிடியில் அவள் விரல் சிவந்துவிட்டது. முசந்தத்தின் கஸப் துறையில், ஜலசந்தியின் எதிர்க்கரையிலிருந்து சின்னச் சின்ன எஞ்சின் படகுகள் வந்து நின்றன. ஆடு கொண்டுவந்து இறக்கிவிட்டுச் சாமான் ஏற்றிக்கொண்டு போவார்களாம். ஆடே வந்துபோகிறதே, ஆள் வர முடியாதா?

மறுநாள் எங்களை ஒரு மரப்படகில் கடற்கழியின் வாய்வரைக்கும் கூட்டிப் போனவர் சலீம். வயசானவர், இந்தி பேசுவார். மேடமும் சாரும் ரியாவும் படகின் பக்கத்தில் இறங்கி முகம் கவிழ்ந்து மிதந்தார்கள். என்னால் பார்க்க முடியவில்லை. நான் சலீமிடம் போய், இங்கிருந்து அந்தக் கரைக்கு ஒரு ஆள் நீந்திப் போக முடியுமா என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. யார் போக வேண்டும் என்று கேட்டார். யாரும் இல்லை, சும்மா கேட்டேன் என்றேன். ஆடுகொண்டு வரும் படகில் ஆளை ஏற்றுவார்களா என்றும் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. தண்ணீரில் இருந்த சாரைக் கையசைத்துக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். இவள் வேலையை விட்டு ஓடப் பார்க்கிறாள் என்று சலீம் சொல்லியிருக்கிறார். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

மேடம் என்னையும் இறங்கச் சொன்னார். ரியாவின் பக்கத்தில் இரு என்றார். கண்ணாடி மாட்டி இறங்கினேன். மேடம் ரியாவைப் பிடித்திருந்தார், அதனால் அண்ணனைப்போல ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்க எனக்கு ஒரு எண்ணம் வந்தது. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக் கீழே முங்கி, கயிற்றை விட்டுவிட்டு, திறந்த கடலைப் பார்த்து நீந்தினேன். மனசுக்குள் செபம் சொன்னேன், ரயில் ஓட்டாமல் சொன்னேன். முதல் செபம் முடியும்போதே எதிரே நீரின் ஒழுக்கு அடிப்பது தெரிந்தது. மேலே பார்த்தால் ஏரி மாதிரி கிடக்கிற தண்ணீர், உள்ளே ஆள் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதுபோலத் தள்ளியது. இரண்டாவது செபம் முடிந்தும் நான் மேலே வரவில்லை. மூன்றாவது பாதியில் காது அடைத்தது. இதுவரை வந்துவிட்டேன், இன்னும் கொஞ்சம் என்று கையை வீசி வீசிப் போனேன். மூச்சு முட்டி மேலே வந்து பார்த்தால் நங்கூரக் கயிறு எனக்கு முன்னால் இருந்தது. நான் அதற்குப் பின்னால் கிடந்தேன்.

என்னால் மூன்று முடியாது, அவனால் நாலு முடியும். அந்த நாலில் அவன் போயிருக்கக்கூடியது இந்தப் படகின் நீளம்கூட இருக்காது. இது அவன் குதித்த இடம் இல்லைதான், ஆனால் அதே தண்ணீர்.

அப்போதுதான் எஞ்சின் சத்தம் கேட்டது. நான் அந்தக் கேள்விகளைக் கேட்டபோதே சலீம் ரேடியோவில் சொல்லிவிட்டிருக்கிறார். முனையைச் சுற்றி ஒரு சாம்பல் நிறப் படகு வந்தது. முன்னால் துப்பாக்கி பொருத்தியிருந்தது. அண்ணன் கண்ணிலும் அந்தப் படகு இப்படித்தானே பட்டிருக்கும். கையைத் தூக்கியவர்கள் பிழைத்தார்கள் என்பது மட்டும் நினைவு வந்தது. இரண்டு கையையும் தூக்கினேன். தூக்கியதும் கீழே போய்விட்டேன். தண்ணீரில் நிற்கிறவள் கையைத் தூக்கினால் எப்படி மிதப்பாள்? மேலே வந்து மறுபடியும் தூக்கினேன், மறுபடியும் முங்கினேன். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. மூன்றாம் தடவை யாரோ முடியைப் பிடித்து இழுத்தார்கள்.

அவர்கள் ஓமான் காவல்படையினர். இளவயதுப் பையன்கள் நாலு பேர், ஒரு அதிகாரி. கம்பளி போர்த்தி, என்ன தேடினாய் என்று கேட்டார்கள். எனக்குப் பயத்தில் பல் அடித்துக்கொண்டது, இந்தியில் ஒரு சொல்தான் வந்தது. "பாயி" என்றேன். தண்ணீரைக் காட்டி, "பாயி, பாயி" என்றேன். அண்ணன் என்று அர்த்தம். அந்த அதிகாரி எழுந்து அரபியில் கத்தினார். உடனே இரண்டு பேர் பூட்சைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் குதித்தார்கள். மற்றவர்கள் படகைப் பைய வட்டமடித்து ஓட்டினார்கள். ஒருவன் முங்கி எழுந்து தலையாட்டிவிட்டு மறுபடியும் முங்கினான்.

இப்போதுதான் விழுந்தான் என்று நினைத்துவிட்டார்கள். எனக்குப் புரிந்தது. இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. இத்தனை நாளாக எங்கள் அண்ணனை ஒரு நாடும் தேடவில்லை. இந்தப் பையன்கள் கால்மணி நேரம் தேடினார்கள். அவர்கள் ஒவ்வொரு தடவை முங்கும்போதும் நான் அருள்நிறைந்த மரியே சொன்னேன்.

அண்ணன் கடலில் காணாமல் போனதை வீட்டில் முன்பே சொல்லியிருந்தேன், எந்தக் கடல் என்று மட்டும் சொன்னதில்லை; சார் நீந்திவந்து அந்த விவரம் சொன்னபிறகு நிறுத்தினார்கள். ஏமாற்றியதற்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று நினைத்தேன். அந்த அதிகாரி எப்போது என்று கேட்டார். மூன்று வருஷம் ஆகிறது என்றார் சார். அதிகாரி தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைத் திட்டாமல் எங்கள் படகில் ஏற்றிவிட்டார்கள். திட்டியது சார்தான். என் மகளை வைத்துக்கொண்டா இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டார். அன்றைக்கே என் பாஸ்போர்ட் அவருடைய பைக்குள் போனது. என்னை அனுப்பிவிடுவார்களா, வைத்துக்கொள்வார்களா என்று இதை எழுதும்போதும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் ஓட்டல் வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, அவன் போன கடலப் பாத்தேன். எறங்கியும் பாத்தேன். ஒழுக்கு தள்ளுகும்மா. அவனால ஆயிருக்காது."

அம்மா அழுவார், என்னைச் சபிப்பார், போனை வைத்துவிடுவார் என்று பயந்துகொண்டே காதில் வைத்திருந்தேன்.

"தண்ணி தணுப்பா இருந்துச்சா மக்ளே?"

"இல்லம்மா. இளஞ்சூடாத்தான் இருந்துச்சு."

"ம்" என்றார் அம்மா.

நாலு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் பூசைக்குச் சொல்லியாயிற்று. சித்திதான் கூட வந்தாளாம். கோயிலில் பெயர் எழுதுகிறவர், எந்த இடத்தில் இறந்தான், பூசையில் வாசிக்க வேண்டும் என்று கேட்டாராம்.

"எடம் என்னன்னு கேக்கான். நான் என்னத்தச் சொல்லட்டும்?"

இரண்டு நாட்டின் பெயரும் வாயில் வந்தது. இரண்டையும் சொல்ல மனசு வரவில்லை.

"முட்டம்னு எழுதச் சொல்லும்மா."

"அங்க செத்தவனுக்கு இங்க எடம் எழுதினா கள்ளம் ஆவாதா ஏட்டி?"

"அங்க யாருக்கும் அவன் வேண்டாம்லா. நம்ம ஊருன்னே எழுதட்டும்."

பொய் எழுதவைத்தது பயமாகத்தான் இருக்கிறது. ஒருவேளை அவன் உண்மையிலேயே எங்காவது இருந்து, ஒருநாள் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்து, என்னை எப்படிட்டி சாகடிச்ச என்று கேட்டால் என்ன சொல்வேன்? அதை நினைத்துப் பகலிலேயே திடுக்கிடுகிறேன்.

சனிக்கிழமை ஊரில் ஆறு மணி, இங்கே நாலரை. சாரின் ஆபீஸ் சட்டைகளை இஸ்திரி போடுகிற நேரம். சித்தி வீடியோவில் பூசையைக் காட்டினாள். செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு சட்டையைத் தேய்த்தேன். சாமியார் அவன் பெயரை வாசித்தார். முட்டத்தில் இறந்த ஜெனோ என்று வாசித்தார். பெஞ்சிலிருந்த பெண்கள் திரும்பித் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா நேரே பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மணி அடித்தது, கோயில் முழுக்க முழங்காலிட்டார்கள். நானும் விழுந்தேன். ஒரு முழங்கால்தான் தரைக்குப் போனது. சட்டை கருகுகிற மணம் வந்தது, கூடத்திலிருந்து மேடம் என் பெயரைக் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவும் இல்லை, மற்ற முழங்காலை ஊன்றவும் இல்லை. அப்படியே இருந்து, ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டே, மற்றக் கையை மேலே நீட்டி இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைத் தடவினேன்.