ஆபரேஷனுக்கு முன்பே பதில் வந்தது

வெங்காய மூட்டை நிறுக்கிற தராசில் என்னை நிற்க வைத்தார்கள். என் சாட்சியை இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இதை விட்டுவிட்டு "கர்த்தர் நல்லவர்" என்று மட்டும் சொன்னால் பாதியை மறைத்தவளாவேன்.

2006-ஆம் வருடம், மழைக்காலம். எனக்கு நாற்பத்திரண்டு வயது. புனேயில் வானவடிப் பக்கம் வீடு. கேம்ப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவர் டேனியல் ராணுவ அலுவலகம் ஒன்றில் கிளார்க். ஒரே மகள் ஷாரன், அப்போது ஒன்பதாம் வகுப்பு. எனக்கு சர்க்கரை, பிரஷர், இரண்டு முழங்காலிலும் தேய்மானம். முழங்கால் வலிக்காகத்தான் அன்று ஒரு கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்த எடை மெஷின் நூற்றிருபது கிலோ வரைக்கும்தான் காட்டும். நான் ஏறினதும் முள் ஓடிப்போய்க் கடைசியில் முட்டி நின்றது. டாக்டர் எழுதிக்கொண்டிருந்த காகிதத்திலிருந்து நிமிராமலே இந்தியில் சொன்னார்: "மார்க்கெட் யார்டுக்குப் போங்க. அங்கே பெரிய தராசு இருக்கும். எடை தெரிஞ்சதும் வாங்க." கம்பவுண்டர் சிரித்தான். டாக்டர் அவனை அதட்டவில்லை.

நாங்கள் போனோம். இன்றைக்கு நினைத்தால் ஏன் போனோம் என்று கோபம் வருகிறது. அப்போது டாக்டர் சொல்லிவிட்டார், போனோம், அவ்வளவுதான். ஈர மண்ணும் அழுகின வெங்காயமும் கிடந்த இடத்தில், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூட்டை வைக்கிற இரும்புத் தட்டில் ஏறி நின்றேன். சுமை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நூற்று முப்பத்தெட்டு. ஒருவன் அதை உரக்க வாசித்தான். டேனியல் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். 

உலகத்தார் அப்படி என்றால் நம் சபையாவது ஆறுதலாக இருந்ததா? இல்லை. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

எனக்கு ஆராதனையில் தூக்கம் வரும். ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை, எட்டு வருடம். பாடல் முடிந்து உட்கார்ந்த மாத்திரத்தில் கண் சொருகும். குறட்டையும் வரும். பிள்ளைகள் சிரிப்பார்கள். பெண்கள் கூட்டத்தில் ஒரு சகோதரி என் தலையில் கை வைத்து, தூக்கத்தின் ஆவியைத் துரத்தினார். இன்னொருவர், "சாப்பாட்டைக் குறைச்சா தூக்கம் தன்னால குறையும் சிஸ்டர்" என்றார். எத்தனை உபவாசம் இருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை முழுவதும் பட்டினி கிடப்பேன். சனிக்கிழமை சமையலறையில் நின்றபடியே, தட்டுகூட எடுக்காமல், சட்டியிலிருந்தே அள்ளித் தின்பேன். பிறகு அழுவேன். நான் குற்றமே இல்லாதவள் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு இருந்தது வியாதி என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

மார்க்கெட் யார்டிலிருந்து வந்த அன்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் பண்ணினேன். அது ஜெபம் மாதிரியே இல்லை. "இந்த உடம்பைக் கொடுத்தது நீர்தானே? எல்லாரும் சிரிக்கிறார்கள், நீரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்? நான் ஒல்லியாக வேண்டும் என்று இனிமேல் கேட்கமாட்டேன். என்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஒரு ஆளைக் காட்டும். அது போதும்" என்றேன். அப்படியே சொன்னேன். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஷாரனும் கூட வந்தாள். அங்கே என்னை ஒரு தனி அறையில் எடை பார்த்தார்கள். மெஷின் இருநூறு கிலோவுக்கு மேலும் காட்டும். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, நான் என்ன சாப்பிடுகிறேன் என்பது இல்லை. "எப்படித் தூங்குகிறீர்கள்?" என்பது.

நான் பதில் சொல்வதற்குள் ஷாரன் முந்திக்கொண்டாள். டாக்டரிடம் இந்தியில் சொல்லிவிட்டு, தட்டுத்தடுமாறி வரும் தமிழில் என்னிடமும் சொன்னாள். "மம்மி தூங்கும்போது ஆவாஸ், சத்தம் வரும். அப்புறம் ஸ்டாப் ஆயிடும். மூச்சே இல்லே. நான் போய் ஷோல்டரைப் பிடிச்சு ஆட்டுவேன். அப்புறம் வரும்."

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"சிக்ஸ்த்ல இருந்து மம்மி. நீங்க அழாதே."

என் பிள்ளை மூன்று வருடமாக என் மூச்சுக்குக் காவல் இருந்திருக்கிறாள். பரிசோதனையில் என் மூச்சு தூக்கத்தில் திரும்பத் திரும்ப நின்றுபோவது தெரிந்தது. மூக்கில் மாட்டுகிற கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். அதைப் போட்டுத் தூங்கி எழுந்த முதல் காலையை என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். மற்றவர்கள் எல்லாரும் தினமும் இப்படித்தானா எழுந்திருக்கிறார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தை ஆமென் வரைக்கும் கேட்டேன். எந்த ஆவியையும் யாரும் துரத்தவில்லை.

இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன்தான் எனக்கு வழி என்று டாக்டர் சொன்னார். ஆனால் உடனே செய்துவிடமாட்டார்களாம். பல மாதம் தயாராக வேண்டும். சர்க்கரை கட்டுப்பட வேண்டும், தினமும் நடக்க வேண்டும், மூன்று பந்து போட்ட குழாயை உறிஞ்சி நுரையீரலைப் பழக்க வேண்டும், மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமைதோறும் நான்கு மணிக்கு மூன்றாம் மாடியில் நோயாளிகள் கூடும் கூட்டத்துக்கு வர வேண்டும். இதைக் கேள்விப்பட்டதும் சபை மூப்பர் பொன்னையா அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார்.

"என்ன மெர்சி, கர்த்தரால கூடாதுன்னு நினைச்சிட்டியளா? கத்தியை நம்பப் போறியளே! வாயைக் கட்ட முடியாதவங்களுக்குத்தான் இந்த ஆபரேஷனெல்லாம்."

டேனியல் தலையைக் குனிந்துகொண்டார். என்னால் முடியவில்லை. "அண்ணாச்சி, ரெண்டு வருஷத்துக்கு முந்தி உங்களுக்கு நெஞ்சைப் பிளந்து பைபாஸ் பண்ணினாவளே, அப்ப நாங்க எல்லாரும் ஆஸ்பத்திரி வராந்தாவுல முழங்கால் போட்டு ஜெபிச்சோம். கத்தியை நம்பாதீங்கன்னு உங்ககிட்ட ஒருத்தராவது சொன்னமா?" என்று கேட்டேன். அவர் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். அன்று நான் அவரை அவமதித்ததாகச் சபையில் பேச்சு. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் சனிக்கிழமை அந்த அறைக்குள் போனபோது என் கண்ணில் பட்டது நாற்காலிகள். ஒன்றுக்கும் கைப்பிடி இல்லை. இருபது வருடமாகக் கைப்பிடிக்குள் இடுப்பைத் திணித்து உட்கார்ந்தவளுக்கு அதன் அருமை தெரியும். பதினோரு பேர் இருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் சுனந்தா என்ற மராத்திப் பெண். ஹடப்சரில் தையல் வேலை செய்பவள், என்னைவிடப் பருமன். நான் தயங்கி நின்றதைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தட்டிக் காட்டி இந்தியில் சொன்னாள்: "உட்காரு தாயி. இது உடையாது. நான் முதல்லயே சோதிச்சுப் பார்த்துட்டேன்." தாயி என்றால் அவர்கள் பாஷையில் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குளியலறையில் நான் கேட்ட ஆள் அவள்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு ஆளைத்தான் கேட்டேன், கர்த்தர் பதினோரு பேரைக் கொடுத்திருந்தார்.

அந்த மாதங்களில் நாங்கள் ஒருவரையொருவர் தாங்கினோம். சுனந்தாவும் நானும் காலையில் போன் போட்டு எத்தனை சுற்று நடந்தோம் என்று சொல்லிக்கொள்வோம். எனக்குக் கால் வலித்தால் அவள் திட்டுவாள். அவளுக்குக் காகிதங்களில் இருக்கும் ஆங்கிலத்தை நான் வாசித்துச் சொல்வேன். ஆபரேஷனுக்கு முந்தின இரண்டு வாரம் நீர் ஆகாரம் மட்டும்தான். பத்தாவது நாள் அவள் போனில் அழுதாள். மாமியார் வேண்டுமென்றே வீட்டில் பூரி பொரிக்கிறாளாம். "வாசலுக்கு வந்து நின்னு என்கூடப் பேசு" என்றேன். வாசம் அடங்கும்வரை பேசினோம்.

எங்கள் கூட்டத்தை நடத்திய நர்ஸ் ஒவ்வொரு வாரமும் ஒரே பாடத்தைத் திருப்பிச் சொல்வார்: "ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு நாடி வேகமாக ஓடினால், இடது தோளில் வலித்தால், மூச்சு வாங்கினால், வாயு என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள். உடனே வாருங்கள்." நான் டீச்சர், நோட்டில் எழுதிக்கொண்டேன்.

2007 ஏப்ரலில் சுனந்தாவுக்கு ஆபரேஷன் ஆனது. எனக்கு மே மாதம், பள்ளி விடுமுறையில். நல்லபடியாக வீட்டுக்குப் போனாள். ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, நான் சபைக்குக் கிளம்பி நிற்கிறேன், போன் வந்தது. சுனந்தாதான். குரலே எழும்பவில்லை. "தாயி, தோள் வலிக்குது. படுக்க முடியலே. இவங்க வாயுன்னு சொல்றாங்க. நாடகம் போடுறேன்னு மாமியார் சொல்றாங்க."

"நாடியைப் பிடிச்சு எண்ணு" என்றேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் எண்ணினோம். நூற்று முப்பதுக்கு மேல் போனது.

அன்று நான் ஆராதனைக்குப் போகவில்லை. டேனியலும் நானும் ஆட்டோவில் ஹடப்சருக்குப் போனோம். அவள் மாமியார் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். சுனந்தாவின் புருஷன் கையைப் பிசைந்துகொண்டிருந்தான். டேனியல் அவனிடம், "பாயீ, பேச நேரமில்லை. அந்தப் பக்கம் பிடி" என்றார். இருவருமாக அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர். எங்கள் சர்ஜன் அன்று விடுப்பு. இவர் சுனந்தாவை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு வெயிட் இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும். உட்காருங்க, பார்க்கலாம்" என்றார். நாடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பிரியமானவர்களே, பல வருடமாக நான் ஒரு ஜெபம் பண்ணிவந்தேன். என் கோபத்தை எடுத்துப்போடும் என்று. கிளினிக்கில் விழுங்கிய கோபம், தராசில் விழுங்கிய கோபம், சபையில் விழுங்கிய கோபம், எல்லாம் உள்ளே கனன்றுகொண்டிருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அந்த நிமிஷத்துக்காகத்தான் வைத்திருந்தார் என்று நான் நம்புகிறேன். மேஜையில் ஓங்கி அடித்தேன். "ஆதி நாடி பகா!" என்று மராத்தியில் கத்தினேன். முதலில் நாடியைப் பார் என்று அர்த்தம். "இவ மூச்சு வாங்குறது வெயிட்டால இல்ல. ஆறு நாளைக்கு முந்தி இதே ஆஸ்பத்திரியில இவளுக்கு ஆபரேஷன் ஆயிருக்கு. உள்ளே கசிவு இருக்கலாம். உங்க பெரிய டாக்டருக்கு இப்பவே போன் போடுங்க. போடாம நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டேன்." நூற்றுச் சொச்சம் கிலோ வழியில் நின்றால் யாரால் தள்ள முடியும்? அன்றுதான் முதல்தடவையாக அந்த உடம்பைப் பற்றி நான் வெட்கப்படவில்லை.

அவர் போன் போட்டார். அரை மணி நேரத்தில் சர்ஜன் ஓடி வந்தார். தையல் போட்ட இடத்தில் கசிவு. மத்தியானமே மறுபடியும் உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே டேனியலும் நானும் அவள் புருஷனும் உட்கார்ந்திருந்தோம். நான் தமிழில் ஜெபித்தேன். அவன் கண்ணை மூடித் தன் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் அவனைத் தடுக்கவில்லை. சர்ஜன் வெளியே வந்து, "நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டிருந்தால் பிழைத்திருக்கமாட்டாள்" என்றார். பதினோரு நாள் தீவிர சிகிச்சை. பிழைத்தாள்.

அதைப் பார்த்த பிறகும் நீ ஆபரேஷனுக்குப் போகிறாயா என்று வீட்டிலும் சபையிலும் கேட்டார்கள். எனக்கும் பயம்தான். பயம் இல்லை என்று சாட்சி சொல்கிறவர்களை எனக்குப் புரிவதில்லை. மே மாதம் என்னை உள்ளே தள்ளிக்கொண்டுபோனபோது, மூன்றாம் மாடிக் கூட்டத்தார் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். சுனந்தா தடியை ஊன்றிக்கொண்டு வந்திருந்தாள். "உன் நாடியை இனி நான் எண்ணுறேன் தாயி" என்றாள்.

எத்தனை கிலோ குறைந்தது என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். நான் சொல்வதில்லை. கேட்க வேண்டியது அது இல்லை. சர்க்கரை மாத்திரை நின்றது. மூக்குக் கருவி தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்தின் இரண்டாம் மாடிக்கு நின்று மூச்சு வாங்காமல் ஏறுகிறேன். ஷாரன் கல்லூரிக்குப் போகிறாள், விடிகிற வரைக்கும் அசையாமல் தூங்குகிறாள். அதற்குக் கோடி ஸ்தோத்திரம். ஆனால் சபையில் என்னைப் பற்றிக் குறை பேசியவர்கள் இன்று "நீ எவ்வளவு அழகாகிவிட்டாய்" என்று வந்து கட்டிக்கொள்ளும்போது எனக்குச் சந்தோஷமில்லை. முன்னேயும் நான் அவருடைய பிள்ளைதான். அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்?

இப்போது சனிக்கிழமைகளில் அந்தக் கூட்டத்தைச் சுனந்தாவும் நானும்தான் நடத்துகிறோம். ஆபரேஷன் வேண்டும் என்று யாரையும் வற்புறுத்துவதில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் வருகிறார்கள். பயத்தோடு வருகிறவர்களின் பக்கத்தில் உட்காருகிறோம், பரிசோதனைக்குக் கூடப் போகிறோம், நாடி எண்ணக் கற்றுக்கொடுக்கிறோம்.

இதை வாசிக்கிற யாரோ ஒருவர் போட்டோ எடுக்கும்போது பின்வரிசைக்கு ஒதுங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஜெபிக்கக்கூட வெட்கப்படுகிறீர்கள். அழகான வார்த்தை தேட வேண்டாம். கோபம் இருந்தால் கோபத்தோடே அவரிடம் போங்கள். கதவைச் சாத்திக்கொண்டு கத்துங்கள். நான் கத்தினேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு நல்ல டாக்டரிடம் போங்கள். அவரும் சிரித்தால் எழுந்து வெளியே வந்து அடுத்தவரிடம் போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் சொல்லியனுப்புங்கள், நான் கூட வருகிறேன்.