மாப்பிள்ளைக்குக் கட்டாத பரிவட்டம்

எங்கள் ஊரில் ஓட்டு யாருக்கு என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. தேர்தல் வந்தால் அய்யனார் கோயிலில் எவர் தலையில் பரிவட்டம் ஏறுகிறதோ, ஊர் அவர் பக்கம். துணியைத் தலையில் கட்டுவது பூசாரி. யாருக்கு என்று கை காட்டுவது ஊர்த் தலைவரான அம்பலகாரர். அப்பாவுக்குப் பிறகு அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தேர்தல். என் தங்கையின் கணவர் இருபது வருடமாகக் கொடி பிடித்த கட்சி, எங்கள் தொகுதியைக் கூட்டணிக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. போன தேர்தலில் இவரை மேடை போட்டு வாய்க்கு வந்தபடி ஏசிய ஆளேதான் இப்போது வேட்பாளர். மாப்பிள்ளை சுயேச்சையாக நின்றார். தன் ஊர் அமராவதிபுதூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"மச்சான், ஜெயிக்கிறது தோக்குறது வேற. நீங்க பக்கத்துல நின்னாப் போதும்."

"இதெல்லாம் ஒரு கேள்வியா மாப்பிள்ளை?" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

பத்து நாளில் கூட்டணிக்காரர்கள் வந்தார்கள். பக்கத்து ஊரோடு நின்றுபோன கரண்டுக் கம்பத்தை எங்கள் கண்மாய்க்கரைக் கிணறுகள் வரைக்கும் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்கள். ஊர் கூடியது. மழை ஏமாற்றிக்கொண்டே இருந்த காலம் அது.

"தாயும் பிள்ளையும்னாலும் வாயும் வயிறும் வேற, அம்பலம்" என்றார் கூட்டத்தில் ஒருவர். நான் தலையாட்டினேன். ஊருக்காகத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். என் கிணறும் அந்தக் கரையில்தான் இருந்தது.

மாப்பிள்ளையிடம் நான்தான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே இருந்தேன். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. இதற்குள் அய்யனார் கோயில் மாசிப் பொங்கல் வந்துவிட்டது. பொங்கலுக்கு வருடா வருடம் பிறந்த வீட்டிலிருந்து தங்கைக்கு வெற்றிலை பாக்குத் தட்டோடு அழைப்புப் போகும். அந்த வருடமும் என் மனைவி வழக்கம்போல அனுப்பிவிட்டாள். எனக்குத் தெரியும்; தடுக்கவில்லை. தடுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்குமே. பரிவட்டம் கட்டுவதும் அன்றைக்குத்தான் என்று சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். அந்த நேரத்தில் அம்பலகாரர் வீட்டு வெற்றிலை வந்தால் மாப்பிள்ளை என்ன நினைப்பார்? நானாக இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன்.

காலையிலேயே வந்துவிட்டார்கள். தங்கை பொங்கல் பானையோடு பெண்கள் பக்கம் போனாள். கூட்டணி வேட்பாளர் காரில் வந்து இறங்கினார். ஓட்டுக் கேட்கிறவர் எல்லாக் கோயிலுக்கும்தான் வருவார் என்று மாப்பிள்ளை எண்ணியிருக்க வேண்டும். சட்டையைக் கழற்றினார், தோள் துண்டை இடுப்பில் கட்டினார், சாமிக்கு முன்னால் போய்த் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு நின்றார். பரிவட்டம் வாங்கப்போகிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

பூசாரி துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கூட்டணிக்காரரைக் காட்டினேன். மனசு மரத்துப்போய்க் கிடந்தது. கொட்டு முழங்கியது. மாப்பிள்ளை குனிந்த தலையை உடனே நிமிர்த்தவில்லை. பெண்கள் பக்கம் நான் திரும்பவே இல்லை.

தேர்தலில் அவர் தோற்றார். கம்பமும் வந்தது, என் மோட்டாரும் ஓடியது. அந்த விஷயத்தில் யாரும் எங்களை ஏமாற்றவில்லை.

அன்றைக்குக் கோயிலிலிருந்து மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போயிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பந்தியில் உட்கார்ந்து, போட்டதை எல்லாம் சாப்பிட்டார். கை கழுவ நான்தான் செம்பில் தண்ணீர் ஊற்றினேன். அப்போதுதான் வாயைத் திறந்தார். குரலில் சண்டை இல்லை.

"ஊருன்னா நாலும் இருக்கும் மச்சான். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி விட்டிருந்தீகன்னா, உங்க தங்கச்சிய வீட்டுல விட்டுட்டு நான் மட்டும் வந்திருப்பேன்."

தனக்குப் பரிவட்டம் இல்லை என்று தெரிந்திருந்தாலும் வந்திருப்பாராம். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"போயிட்டு வாங்க மாப்பிள்ளை" என்றேன்.