செட்டிகுளத்தில் கூலிக்கு வராதவர்கள்

புரட்டாசி மாதம், பகல் ஒரு மணி. பாடாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். செட்டிகுளம் மலைக்கோயிலுக்கு ஆட்டோக்காரர் செல்வம் இருநூற்றைம்பது கேட்டார், இருநூறுக்குச் சம்மதிக்க வைத்தேன். பேரத்தில் ஜெயித்த பெருமை பாதி வழிவரைதான். அவர் மனைவி கலா போனில் கத்தியது பின்சீட்டுக்கே கேட்டது.

"மேக்கால கருக்கிட்டு வருது. புடுங்கிப் போட்ட வெங்காயம் அப்படியே கெடக்கு. ஆளு கெடச்சுதா இல்லியா?"

செல்வம் திரும்பினார். "கோச்சுக்காதீங்கக்கா. நனைஞ்சா அத்தனையும் அழுகிடும். காட்டை ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாமா?"

மலைமேல் இருக்கும் முருகன் எங்கே ஓடிவிடப் போகிறான்? சரி என்றேன்.

ஒரு ஏக்கர் முழுக்கச் சின்ன வெங்காயம் தரையில் காய்ந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் உழைப்பும் அதில்தான் கிடந்தது. அள்ளி, கீற்று வேய்ந்த சேமிப்புப் பட்டறைக்குள் சேர்க்கக் கலா ஒருத்திதான். ஊர்ப் பிள்ளைகள் விடியும்போதே கம்பெனி வேனில் போய்விடுகிறார்கள். முன்பு இங்கே கூலிக்கு வந்த பெண்கள் இப்போது ஆளுக்குக் கொஞ்சம் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாகப் பயிர் செய்கிறார்கள். அவர்களில் ஒருத்தியான அஞ்சலைக்குக் கலா ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"கூலி கூடப் போட்டுத் தாரேன். ஆளுங்களக் கூட்டிட்டு வா, அஞ்சலை."

"கூலிக்கு யாரும் வர்றதில்லைங்க. இப்பல்லாம் எங்களுக்குள்ள மாத்தாளுதான். இன்னிக்கு நாங்க வந்தா, எங்க பருத்திக்குக் களை வெட்ட நீங்க வரணும்."

கலா வீட்டில் எந்தப் பெண்ணும் அடுத்தவர் காட்டில் இறங்கி வேலை செய்ததில்லை என்று செல்வம் என் காதில் சொன்னார். பிறகு போனை நோக்கி, "நான் வர்றேன் அஞ்சலை" என்றார்.

"நீங்க வந்து என்ன செய்யப் போறீங்க? அவங்க வரட்டும்."

மேற்கே இடி உருண்டது. கலா வானத்தைப் பார்த்தாள்.

"வரேன்" என்றாள்.

அரை மணியில் ஒரு லோடு ஆட்டோ நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. வரிசை பிடித்துக் குனிந்தவர்கள் நிமிரவே இல்லை. கைகள் அள்ளிய வேகத்தை என் கண்ணால் தொடர முடியவில்லை. வாய் மட்டும் ஓயாமல் ஊர்க்கதை பேசியது. நானும் கூடை சுமந்தேன். என்னைக் கண்டு சிரித்தார்கள். வாழ்நாளில் எத்தனையோ கோபுரங்களை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அப்படியொரு மலைப்பு அந்தக் காட்டில் எனக்கு வந்தது.

கடைசிக் கூடை பட்டறைக்குள் போனதும் மழை பிடித்துக்கொண்டது. கலா எல்லோருக்கும் டீ ஊற்றினாள்.

"ஈரம் காஞ்சதும் போன் போடுறேன்" என்றாள் அஞ்சலை. "களைக்கொத்து இருக்கா வூட்டுல?"

"வாங்கணும்."

"வாங்க வேணாம், எங்கிட்ட இருக்கு. வெறுங்கையோட வாங்க."

மலை ஏறாமலே திருச்சி பஸ்ஸைப் பிடித்தேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலைக்கு ஆள் வரவில்லை என்று தினமும் புலம்பல்தான். சம்பளத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு யோசனை எங்கள் யாருக்கும் வந்ததில்லை.

அடுத்த வாரம் செல்வம் ஒரு போட்டோ அனுப்பினார். பருத்திக் காட்டில் வரிசையாகக் குனிந்த முதுகுகள். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் கலா யார் என்று எனக்குத் தெரியவில்லை.